பாட்டிலுக்கு முன்பணமா, குப்பைப் பைக்குக் கட்டணமா? பிளாஸ்டிக் உறைக் கழிவில் எந்த வழி நம் ஊருக்குப் பொருந்தும்

ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் சேர்ந்த மக்காத குப்பையை ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, வகை பிரித்து எண்ணிப் பார்த்தேன். பால் கவர் 14, பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் உறைகள் 11, ஷாம்பு சாஷே 6, உணவகத்திலிருந்து வந்த கறுப்பு டப்பா 3, இட்லி மாவு கவர் 2, எண்ணெய் பாக்கெட் 2, தண்ணீர் பாட்டில் 2, இணையத்தில் வாங்கிய சட்டை வந்த உறை 1. மொத்தம் 41 உருப்படிகள்.

எண்ணிப் பார்க்கக் காரணம் இருந்தது. பிளாஸ்டிக் உறைக் கழிவு குறித்து நகராட்சிக்கு ஒரு பரிந்துரை எழுதிக் கொடுப்பதென்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. கூட்டத்தில், மகளைப் பார்க்க ஜெர்மனிக்குச் சென்று திரும்பியிருந்த ஒருவர், அங்கே காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் பணம் வருவதைச் சொல்லி, அதையே இங்கும் கொண்டுவர வேண்டும் என்றார். மற்றொருவர் ஜப்பானியரின் பிரிக்கும் பழக்கத்தைப் புகழ்ந்தார். மூன்றாமவர், காசு பிடுங்கினால்தான் மனிதன் திருந்துவான் என்று சொல்லித் தென்கொரியாவின் குப்பைப் பையை முன்வைத்தார். மூவர் சொன்னதும் உண்மையே. ஆனால் முதல் வழி பாட்டிலுக்கு மட்டும் உரியது; இரண்டாவது சமையலறையில் நடப்பது; மூன்றாவது வாசலில் நடப்பது. என் மொட்டைமாடிக் குவியலில் எது எதைத் தொடும் என்று பார்த்துத்தான் ஒப்பிட முடியும்.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நாடுகளின் மறுசுழற்சி விழுக்காடுகளை வரிசையாக அடுக்கி, யார் முதலிடம் என்று பார்ப்பதில் பயனில்லை. ஜப்பான் தன் பிளாஸ்டிக் கழிவில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பயன்படுத்தப்படுவதாகக் கணக்குக் காட்டுகிறது. அதில் பெரும்பங்கு, எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுப்பதையும் பயன்பாடாகச் சேர்த்து வந்தது. ஐரோப்பாவிலோ சேகரித்த எடையையும் ஏற்றுமதி செய்த எடையையும் மறுசுழற்சியாகக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் போக்கு நெடுங்காலம் இருந்தது. 2020-க்குப் பிறகான கணக்குமுறை, மறுசுழற்சி ஆலைக்குள் உண்மையில் நுழையும் அளவையே கேட்கிறது. முறை மாறியதும் பல நாடுகளின் விழுக்காடு இறங்கியது, பழக்கம் எதுவும் மாறாமலேயே.

முதலில் முன்பண முறை. ஜெர்மனியில் 2003 ஜனவரி முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பானப் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு. பானத்தின் விலையோடு சேர்த்துக் கட்டி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 25 சென்ட் திரும்புகிறது. கடையின் ஒரு மூலையில், சுவரில் வட்டத் துளையோடு ஓர் இயந்திரம் நிற்கும். பாட்டிலைப் படுக்க வைத்து உள்ளே தள்ளினால் இயந்திரம் அதை உருட்டி அதன் பட்டைக்கோட்டை (பார்கோடு) தேடும். கண்டுபிடித்ததும் உள்ளே போய் நசுங்கும் சத்தம் கேட்கும். கடைசியில் ஒரு சீட்டு வரும், அதைக் கல்லாவில் காட்டிக் காசாக்கலாம், அல்லது வாங்கிய பொருளில் கழித்துக்கொள்ளலாம். ஒட்டுத்தாள் கிழிந்திருந்தாலோ, பை கொள்ளவில்லை என்று பாட்டிலை வீட்டிலேயே மிதித்து நசுக்கிக் கொண்டுவந்தாலோ இயந்திரம் அதை வெளியே துப்பிவிடும். ஆகவே அங்கே யாரும் பாட்டிலை நசுக்குவதில்லை. முன்பணம் உள்ள பாட்டில்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு திரும்புகிறது. திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர் பாட்டிலைத் தெருக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் தொட்டியின் அடியில் நிறுத்திவைத்துவிட்டுப் போவார். வருமானம் குறைந்த ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார் என்பது எழுதாத வழக்கம். ஒரு நலத்திட்டம் இப்படித் தொட்டியடியில் தானாக முளைத்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு மெச்சத் தோன்றுகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

இந்த முறை ஜெர்மானியர்களின் ஒழுங்குணர்வால் நடப்பது என்று நினைப்பவர்கள் லிதுவேனியாவைப் பார்க்கலாம். 2016-இல் அங்கே 10 சென்ட் முன்பணம் வருவதற்கு முன் பிளாஸ்டிக் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது 90 விழுக்காட்டைத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் குணம் மாறிவிடாது. பாட்டிலின் மதிப்புத்தான் மாறியது. நார்வே இன்னொரு நுட்பம் செய்திருக்கிறது. பானம் விற்கும் நிறுவனங்கள் மீது உறைக்கென ஒரு சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பும் விழுக்காடு ஏற ஏற வரி குறையும், 95-ஐத் தாண்டினால் அறவே இல்லை. பாட்டில் திரும்பி வருவதில் நிறுவனத்துக்கே அக்கறை பிறந்துவிடுகிறது. காலிப் பாட்டிலை வாங்கி வைக்கும் கடைக்கும் ஒவ்வொன்றுக்கும் கையாளும் கூலி உண்டு. இந்தக் கூலியைப் பின்னர் மறுபடி எடுப்பேன். நம் ஊரில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முன்பணம் சாதிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டில்களைக் காப்பாற்றுவதற்காகவே ஜெர்மனியில் இந்த முன்பணம் கட்டாயமாயிற்று. மீள்பயன் பாட்டிலின் பங்கு சட்டம் குறித்த வரம்புக்குக் கீழே இறங்கியதே அதற்குக் காரணம். ஆனால் நடந்தது வேறு. ஒருமுறைப் பாட்டில் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பத் தொடங்கியதும் அதை வாங்குவதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் போயிற்று. 70 விழுக்காடாக இருக்க வேண்டும் என்று சட்டம் விரும்பும் மீள்பயன் பாட்டிலின் பங்கு இன்று 40-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. பாட்டில் தெருவில் கிடப்பதை முன்பணம் தடுக்கும். பாட்டில் பெருகுவதைத் தடுக்காது.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியச் சரக்கு அன்று. பெட்டிக்கடையில் சோடா குடித்துவிட்டுப் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்த தலைமுறை நாம்; வீட்டுக்கு எடுத்துப் போனால் பாட்டிலுக்குத் தனியாகக் காசு வாங்கி வைத்துக்கொண்டவர்தான் கடைக்காரர். அண்மைக் காலச் சான்று நீலகிரி. காட்டுக்குள்ளும் புல்வெளியிலும் எறியப்பட்ட மதுப்பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-இல் அங்கே டாஸ்மாக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பெரும்பகுதி பாட்டில் திரும்பி வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் முறை விரிந்தது. குடித்துத் தள்ளாடும் ஆளே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றால், நம் மக்களுக்குப் பழக்கம் வராது என்ற வாதத்துக்கு இடமில்லை. எதிர்ப்பு வந்தது கடை ஊழியர்களிடமிருந்து: காலிப் பாட்டிலை எங்கே அடுக்குவது, ஒட்டுவில்லையை யார் ஒட்டுவது, உடைந்தால் யார் பொறுப்பு, இந்த வேலைக்குச் சம்பளம் எங்கே என்பவை அவர்கள் கேட்ட கேள்விகள். நியாயமான கேள்விகள்தாம்.

ஆனாலும் என் குவியலில் முன்பணம் தொடக்கூடியது 41-இல் இரண்டே இரண்டு. அந்த இரண்டும், எந்தத் திட்டமும் இல்லாமலேயே பழைய பேப்பர் கடைக்கோ காயலான் கடைக்கோ போய்ச் சேர்ந்திருக்கக் கூடியவை.

தென்கொரியாவின் வழி வேறு திசையில் போகிறது. 1995 ஜனவரி முதல் நாடு முழுவதும், மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை உள்ளாட்சி விற்கும் குறிப்பிட்ட பையில் மட்டுமே போட வேண்டும். சியோலில் 20 லிட்டர் பை 500 வோன் அளவில் விற்கிறது. பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக், தாள், கண்ணாடி ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. பை நிரம்ப நிரம்பக் காசு போகிறது. அதனால் பிரிக்கும் வேலை தானாக நடக்கிறது. வேறு பையில் கட்டித் தெருவோரம் போட்டால் அபராதம் பத்து லட்சம் வோன் வரை போகும். தைவானின் தைப்பேயும் 2000-இல் இதே வழிக்கு வந்தது. அங்கே குப்பை வண்டி பீத்தோவனின் இசையைப் பாடிக்கொண்டு தெருவுக்கு வரும், மக்கள் பையைக் கையில் ஏந்தி வந்து வண்டியில் போடுவார்கள், தெருவில் குப்பைத்தொட்டி என்பதே அரிது. நம் ஊர்க் குப்பை வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. அதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது.

கொரிய முறையின் பலவீனம் வீட்டுக்குள் இல்லை, வீட்டைத் தாண்டிய பிறகு இருக்கிறது. உலகின் பிளாஸ்டிக் கழிவை வாங்கிக்கொண்டிருந்த சீனா, 2017-இல் அறிவித்து 2018 ஜனவரியில் கதவைச் சாத்தியது. பழைய பிளாஸ்டிக்கின் விலை சரிந்தது. அந்த ஏப்ரலில் சியோலிலும் சுற்றுவட்டாரத்திலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மக்கள் ஒழுங்காகப் பிரித்து வைத்த பிளாஸ்டிக் உறைகளை எடுத்துச் செல்ல ஒப்பந்தக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். மூட்டைகள் முற்றத்தில் மலைபோல் குவிந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, உய்சொங் என்ற ஊரகப் பகுதியில் ஒரு கழிவு நிறுவனம் அனுமதிக்கு மேல் பன்மடங்கு குவித்திருந்த, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குப்பைமலை உலகச் செய்தியானது. மக்கள் தம் பங்கைக் குறையில்லாமல் செய்திருந்தார்கள். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. கொரிய அரசு அதற்குப் பின் தேடிய தீர்வைக் கவனிக்க வேண்டும்: நிறமேற்றிய பானப் பாட்டில்களை உற்பத்தி செய்வதற்கே தடை, நிறமற்ற பாட்டிலைத் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாடு. குப்பைக்கு வாங்குபவர் கிடைக்க வேண்டுமானால், குப்பையாவதற்கு முன்பே அது வாங்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற கணக்கு அது.

பைக்குக் கட்டணம் என்பதை எங்கள் நகராட்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி நாள் தவறாமல் வரும் ஊரில்தான் அது நடக்கும். எங்கள் தெருவில் மூன்று நாள் வண்டி வராவிட்டால், காலி மனையில் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த நிலையில் பைக்கு விலை வைத்தால், அந்த விலை தீப்பெட்டிக்கே லாபமாக முடியும்.

ஜப்பானைப் பற்றி அதிகம் பேசப்படுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1995-இல் இயற்றப்பட்ட உறை மறுசுழற்சிச் சட்டத்தின்படி வீட்டார் பிரிக்க வேண்டும், உள்ளாட்சி சேகரிக்க வேண்டும், உற்பத்தியாளர் மறுசுழற்சிக்குப் பணம் தர வேண்டும். பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, ஒட்டுத்தாளை உரித்து, உள்ளே அலசி, மூன்றையும் தனித்தனியே வைப்பது அங்கே சிறுவருக்கும் தெரிந்த வேலை. ஷிகோகு தீவின் காமிகாட்சு என்ற சிற்றூர் 2003-இல் கழிவே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. ஊரில் வீடு வீடாக எடுக்கும் வண்டி இல்லை, மக்களே நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், எண்பது விழுக்காடு அளவுக்கு மறுசுழற்சியாகிறது. ஆனால் அங்கே வாழ்பவர்கள் 1,500 பேருக்கும் குறைவு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், மொத்தப் பிளாஸ்டிக் கழிவில் பாதிக்கும் மேல் உலைக்குத்தான் போகிறது. அதே ஜப்பானில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கினால் ஒவ்வொரு பிஸ்கட்டும் தனி உறைக்குள் இருக்கும். பிரிக்கும் பழக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் உறையின் எண்ணிக்கையை அது குறைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இன்னொன்றும் உண்டு: கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில், சிப்ஸ் உறையை அலசிக் கொடு என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

எனினும் நம் வீடுகளில் யாரும் சட்டம் போடாமலேயே ஓர் அலசும் பழக்கம் இருக்கிறது. பால் கவரை வெட்டி ஊற்றியதும் ஒரு சுற்று தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் பாலிலேயே சேர்த்து, கவரைச் சமையலறைச் சன்னல் கம்பியில் காயவைப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். மாதக் கடைசியில் அது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். என் குவியலில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கவர்தான். ஒரே வகைப் பிளாஸ்டிக், சுத்தமானது, வாங்க ஆள் உள்ளது. தப்பிப் போவது, வெட்டி எறியும் அந்த முக்கோணத் துண்டு மட்டும். துண்டு தனியே விழாதபடி மூலையில் பாதி மட்டும் கீறினால் அதுவும் கவரோடு போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இதே சிக்கலுக்கு 2024 ஜூலையில் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது: 3 லிட்டர் வரையிலான பானப் பாட்டிலின் மூடி, திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும். குடிக்கும்போது மூக்கில் இடிக்கிறது என்று அங்கே ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். ஆனால் கடற்கரை மணலில் மூடி பொறுக்குவது குறைய வேண்டுமானால் வேறு வழி இல்லை.

இனி எஞ்சியிருப்பது குவியலில் கடினமான பகுதி: சாஷேயும் பளபளக்கும் தின்பண்ட உறையும், 41-இல் 17. பல அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த இந்த உறையைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது செலவுக்குக் கட்டுவதில்லை. எடைக் கணக்கே போதும். ஒரு கிலோ சேர்க்க ஐம்பது தண்ணீர் பாட்டில் அளவுக்குப் பொறுக்கினால் போதும். சாஷே என்றால் ஆயிரம் தடவை குனிய வேண்டும், அப்படியும் அந்தக் கிலோவை வாங்க ஆள் இல்லை. சாஷேயைப் பெருவழக்காக்கிய பெருமையில் நம் கடலூருக்குப் பங்கு உண்டு. சின்னி கிருஷ்ணனின் வெல்வெட் ஷாம்புவும் அவர் மகன் சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்புவும், ஒரு பாட்டில் வாங்க வசதியில்லாதவர் கையிலும் ஷாம்புவைக் கொண்டு சேர்த்தன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உறை எங்கே போகும் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த 17-க்கு முன்பணமும் பொருந்தாது, பைக் கட்டணமும் பயன்படாது, பிரித்தாலும் போகுமிடம் சிமெண்ட் ஆலைச் சூளைதான். ஆகவே உற்பத்தியாளர் பொறுப்பு என்ற நான்காவது வழியைத் தவிர வேறில்லை. 1991-இல் ஜெர்மனி, உறையைச் சந்தைக்கு அனுப்புபவரே அதைத் திரும்ப எடுக்கும் செலவை ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது. அங்கே உறைக் கழிவைப் போட்டுவைக்கும் மஞ்சள் பையும், உறைமேல் அச்சிடும் பச்சைப் புள்ளிச் சின்னமும் அதிலிருந்து வந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல், மறுசுழற்சியாகாத பிளாஸ்டிக் உறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 80 சென்ட் வீதம் உறுப்பு நாடுகளிடம் பங்களிப்பு வாங்குகிறது. இந்தியாவும் 2022 பிப்ரவரியில் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகப்பெயர் (பிராண்ட்) உரிமையாளர் ஆகியோருக்கு இலக்கு நிர்ணயித்து விதி வெளியிட்டது. இங்கே நிறுவனம் தானே சேகரிக்க வேண்டியதில்லை. மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம். அதில்தான் ஓட்டை விழுந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-இல் தணிக்கை செய்தபோது, சில மறுசுழற்சி நிறுவனங்கள் ஏறத்தாழ ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது தெரியவந்தது. விதி நல்லது, எடைபோடும் ஆள் இல்லாத விதி வெறும் தாள். எப்படியானாலும் இது நகராட்சியின் அதிகாரத்துக்குள் இல்லை. எங்கள் பரிந்துரையில் இந்த 17-க்கு எதிரே, மாநில அரசுக்கு அனுப்புக என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் இது தோல்விபோலத் தோன்றியது. பொய் வாக்குறுதி எழுதுவதைவிட மேல் என்று நினைக்கிறேன்.

நகராட்சியால் செய்யக்கூடியதற்கு நெருக்கமான முன்மாதிரி வெளிநாட்டில் இல்லை, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தில் ஹரித கர்ம சேனா என்ற பெண்கள் குழு வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையை மட்டும் வாங்குகிறது. ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் அளவில் கட்டணம். கொரியப் பையைப்போல அளவுக்கு ஏற்ற விலை இல்லை, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. எதற்குக் குப்பைக்குப் பணம் என்று சண்டை போட்ட வீடுகளும் உண்டு. ஆனால் கட்டணம் வாங்குவதால் வருபவரிடம் கேள்வி கேட்க வீட்டாருக்கு உரிமை வருகிறது. காசு கையில் வருவதால் வேலை செய்பவர் நின்று நிலைக்கிறார்.

ஆகவே நான் ஆதரித்து எழுதியது இரண்டு. ஒன்று, மக்காத குப்பையை மட்டும் வாரத்தில் குறித்த ஒரு நாள் மாதக் கட்டணத்தில் எடுப்பது. உணவக டப்பா, மாவு கவர், எண்ணெய் பாக்கெட் போன்றவை இதில் அடங்கும். இரண்டு, தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானப் பாட்டிலுக்கும் முன்பணம் கேட்டு மாநில அரசுக்கு நகர்மன்றம் தீர்மானம் அனுப்புவது. என் வீட்டில் இரண்டே பாட்டில் இருந்தாலும், பேருந்து நிலையத்திலும் கல்யாண மண்டப வாசலிலும் மழைநீர் வடிகாலிலும் நிலைமை வேறு. முன்பணம் அந்த இடங்களுக்கானது.

இதற்கு எதிராகப் பேசியவர் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை, அரிசி மூட்டை வைக்கவே இடமில்லை, காலிப் பாட்டிலை என் தலையிலா அடுக்குவேன் என்று கேட்டார். ஜெர்மனியில் இந்தக் கேள்விக்குப் பெரிய கடைகளின் பின்கட்டு விடையாக இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு பின்கட்டு இல்லை. ஆனால் அவர் கடையிலிருந்து இரண்டு கதவு தள்ளிப் பழைய பேப்பர் கடை இருக்கிறது. தராசு இருக்கிறது, சாக்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து மூட்டையை ஏற்றிப்போகும் வண்டி இருக்கிறது. காலிப் பாட்டிலுக்கு முன்பணத்தைத் திருப்பித் தரும் இடமாக அதைப் பதிவு செய்து, நார்வே தன் கடைகளுக்குத் தருவதுபோல பாட்டிலுக்கு இவ்வளவு என்று கூலியை அவருக்குத் தரலாம் என்று எழுதியிருக்கிறேன். பேப்பர் கடைக்காரரிடம் சொன்னபோது, முன்பணத்தை நான் கொடுத்துவிட்டுப் பிறகு யாரிடம் போய் வாங்குவது, எத்தனை நாளில் வரும் என்று கேட்டார். அவர் கேட்டதைப் பரிந்துரையின் மூன்றாவது பக்கத்தில், அவர் சொன்ன சொற்களிலேயே சேர்த்திருக்கிறோம்.